வேலைநிறுத்தத்தில் பிறந்த ஒரு கௌபாய் படம்

1938ஆம் ஆண்டின் தொடக்கம். ஹாலிவுட்டில் ரிபப்ளிக் பிக்சர்ஸ் என்ற சின்னக் கம்பெனி ‘வாஷிங்டன் கௌபாய்’ என்றொரு படத்திற்கு ஏற்பாடு செய்திருந்தது. கதை தயார். இயக்குனர் தயார். குதிரைகளும் தயார். கதாநாயகன் மட்டும் வரவில்லை.

வராதவர் ஜீன் ஆட்ரி. அன்றைய அமெரிக்கச் சிற்றூர்களில் அவர் பெயர் தெரியாதவர்கள் குறைவு. அவருக்கு உடல்நலக் குறைவோ வெளியூர்ப் பயணத்தில் தாமதமோ இல்லை. வேண்டுமென்றே வரவில்லை. கம்பெனி முதலாளி ஹெர்பர்ட் யேட்ஸ் அதற்காகப் படத்தை நிறுத்தவுமில்லை. வாரம் 75 டாலர் சம்பளத்தில் இருந்த ஒரு துணை நடிகரை அழைத்துக் கதாநாயகன் ஆக்கினார், படத்தின் பெயரை மாற்றினார், ஏப்ரல் மாதத்திற்குள் திரையிட்டும் விட்டார். ‘அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்’ என்ற அந்தப் படம் 65 நிமிடம்தான் ஓடும். ஒரு பாடகனை மடக்க இன்னொரு பாடகனை வைத்து எடுத்த படம் அது. ஆனால் அதற்குள் தண்ணீரைப் பற்றியும் புழுதியைப் பற்றியும் ஒரு கதை வந்து உட்கார்ந்துகொண்டது.

முதலில் இந்தப் ‘பாடும் கௌபாய்’ யார் என்று பார்த்துவிடலாம்.

மௌனப் படக் காலத்திலேயே கௌபாய் படங்கள் வந்துவிட்டன. பேசும் படம் வந்தபின் கென் மேனார்ட் போன்ற சிலர் படத்தின் நடுவே பாடிப் பார்த்தார்கள். ஜான் வெய்ன்கூட 1933ல் ‘ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி’ படத்தில் பாடுவதாக வாயசைத்திருக்கிறார், குரல் வேறொருவருடையது. (பின்னாளில் அவர் பாட்டை விட்டுவிட்டது எல்லோருக்குமே நல்லதாகப் போயிற்று.) இவர்கள் எல்லாம் நடிகர்கள், கொஞ்சம் பாடினார்கள், அவ்வளவுதான். ஏற்கெனவே பாடகராகப் புகழ்பெற்ற ஒருவரைக் குதிரைமேல் உட்கார வைத்தால் என்ன என்ற யோசனை பலித்தது ஆட்ரியிடம்தான்.

1907ல் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்த ஆட்ரி ரயில்வேயில் தந்தி அடிக்கும் வேலை பார்த்தவர். இரவுப் பணியில் தூக்கம் வராமலிருக்கக் கிட்டார் வாசித்துப் பாடியவர் மெல்ல மெல்ல இசைத்தட்டுக்கும், பிறகு சிகாகோ வானொலிக்கும் போனார். 1931ல் அவர் ஜிம்மி லாங்குடன் சேர்ந்து பதிவு செய்த, நரைத்த தலைத் தகப்பனைப் பற்றிய பாட்டு நன்றாக விற்றது. இன்று உலகம் முழுவதும் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒலிக்கும் சிவப்பு மூக்கு மான் ருடால்ப் பாட்டை 1949ல் பாடிப் புகழ்பெறச் செய்தவரும் இவரே. இன்று ‘கன்ட்ரி’ இசை என்று சொல்லப்படுவதை அன்று பட்டணத்துக்காரர்கள் ‘ஹில்பில்லி’ என்றார்கள். மலைக்காட்டுப் பட்டிக்காட்டான் பாட்டு என்று பொருள். பெயரிலேயே இளக்காரம் இருக்கிறது. வானொலி வந்தபின் அந்தப் பாட்டுக்கு எவ்வளவு பெரிய கூட்டம் இருக்கிறது என்பது முதலாளிகளுக்குத் தெரிந்துபோயிற்று.

1935ல் யேட்ஸ், படச்சுருள் கழுவும் தன் ஆய்வகத்திற்குக் கடன்பட்டிருந்த சில சிறு கம்பெனிகளை ஒன்றாக இணைத்து ரிபப்ளிக்கை உருவாக்கினார். அந்த ஆண்டே ஆட்ரி நடித்த ‘டம்ப்ளிங் டம்பிள்வீட்ஸ்’ வெளிவந்தது. இந்தப் படங்களை எல்லாம் ‘பி’ படங்கள் என்பார்கள். ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டும் கொட்டகைகளில் பெரிய படத்துக்குத் துணையாக ஓடுபவை. சிற்றூர்களில் சனிக்கிழமைப் பகல் காட்சிக்கு இவையே பெரிய படம். ஒன்றிரண்டு வாரங்களில் எடுத்து முடித்துவிடுவார்கள். ஒரு படத்துக்குப் பிடித்த குதிரைத் துரத்தலை இன்னொரு படத்தில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. பாடகரைக் கதாநாயகனாகப் போடுவதில் முதலாளிக்கு இன்னொரு லாபமும் இருந்தது. ஐந்தாறு பாட்டுகள் வந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிவிடும். சண்டைக் காட்சிக்கு ஆகும் செலவில் ஒரு பங்குகூடப் பாட்டுக்கு ஆகாது.

ஆட்ரியின் படங்கள் சக்கைப்போடு போட்டன. 1937ல் கொட்டகைக்காரர்களிடம் நடத்தப்பட்ட கணிப்பில் கௌபாய் நடிகர்களில் முதலிடம் அவருக்குத்தான். பிரச்சினையும் அங்கேதான் தொடங்கியது.

ஆட்ரி ஊர் ஊராகப் போய்க் கொட்டகைகளில் நேரில் பாடுவார். அப்படிப் போனபோது கொட்டகை உரிமையாளர்கள் அவரிடமே குறைப்பட்டுக்கொண்டார்கள். ஆட்ரி படம் வேண்டுமென்றால் ரிபப்ளிக்கின் மற்றப் படங்களையும் சேர்த்து வாங்கவேண்டும் என்று கம்பெனி கட்டாயப்படுத்துகிறதாம். சரக்கு நன்றாக இருக்கிறதோ இல்லையோ, ஆண்டு முழுவதற்கும் மொத்தமாகத் தலையில் கட்டிவிடுவார்கள். இந்த வழக்கம் ரிபப்ளிக்குக்கு மட்டும் உரியதல்ல. ஹாலிவுட்டின் பெரிய கம்பெனிகள் எல்லாமே இப்படித்தான் விற்றன. பெரிய கம்பெனிகளுக்கு எதிரான வழக்கில் 1948ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைச் சட்டவிரோதம் என்று சொல்லும்வரை இது நடந்தது. ஆட்ரிக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் தெளிவானது. அவர் பெயரைக் காட்டி விற்கப்படும் மற்றப் படங்களின் லாபத்தில் அவருக்குச் சல்லிக்காசு கிடையாது. கெட்ட பெயரில் மட்டும் பங்கு உண்டு.

சம்பளத்தை உயர்த்து, என்னை வைத்து மற்றதை விற்காதே என்று கேட்டார். யேட்ஸ் மறுத்தார். வேறொருவரை நட்சத்திரமாக்கிக் காட்டுகிறேன் என்றும் சொன்னார். ஆட்ரி படப்பிடிப்புக்குப் போகாமல் தென்மாநிலங்களில் மேடைக் கச்சேரிக்குக் கிளம்பிவிட்டார். நீதிமன்றத் தடை உத்தரவோடு கம்பெனி ஆட்கள் அவரைத் தேடித் திரிந்தார்கள்.

யேட்ஸ் வெறும் மிரட்டலாகச் சொல்லவில்லை. ஆள் ஏற்கெனவே கையில் இருந்தார்.

லெனார்ட் ஸ்லை 1911ல் ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் பிறந்தவர். கௌபாய்களுக்கும் ஒஹையோவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்பா செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளி. பையனும் பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அதே தொழிற்சாலைக்குப் போனான். 1930ல் பொருளாதார வீழ்ச்சியின்போது குடும்பம் ஒரு பழைய காரில் கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டது. அங்கே லாரி ஓட்டினார். தோட்டங்களில் பீச் பழம் பறித்தார். பழம் பறிக்க வந்தவர்களுக்கான கூலி முகாம்களில் தங்கினார். ஜான் ஸ்டைன்பெக் 1939ல் ‘கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலில் எழுதிய அந்த முகாம் வாழ்க்கையை இவர் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே நேரில் வாழ்ந்துவிட்டார். மாலையில் முகாமில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாடும் பழக்கம் வந்ததும் அங்கேதான்.

பிறகு சிறு சிறு இசைக்குழுக்களில் பாடினார். 1933ல் ஒரு குழுவோடு தென்மேற்கு மாநிலங்களில் சுற்றியபோது சோற்றுக்கே திண்டாட்டம். முயல் சுட்டுச் சாப்பிட்டு ஊர் ஊராகப் போனார்கள். நியூ மெக்சிகோவின் ராஸ்வெல் ஊர் வானொலியில் பாடும்போது, தங்களுக்குப் பிடித்த பலகாரங்களைப் பேச்சோடு பேச்சாக அவிழ்த்துவிட்டார்கள். ஸ்லை சொன்னது எலுமிச்சைப் பை. ஆர்லின் என்ற பெண் உண்மையிலேயே செய்துகொண்டு வந்து கொடுத்தாள். 1936ல் அந்தப் பெண்ணையே அவர் திருமணம் செய்துகொண்டார்!

அந்த 1933லேயே பாப் நோலன், டிம் ஸ்பென்சர் இருவரோடு சேர்ந்து அமைத்த மூவர் குழு, பிறகு ‘சன்ஸ் ஆஃப் த பயனியர்ஸ்’ என்று பெயர் பெற்றது. அமெரிக்க மேற்கத்தியப் பாட்டில் மூன்று குரல்கள் இழைந்து பாடும் முறைக்கு இந்தக் குழுவே முன்மாதிரி. தொண்டையை உடைத்து உடைத்துக் குரலை மேலே தூக்கும் ‘யோடல்’ பாட்டில் ஸ்லை கெட்டிக்காரர். குழு சினிமாவிலும் தலைகாட்டத் தொடங்கியது. 1936ல் வந்த ‘த ஓல்ட் கொரல்’ என்ற ஆட்ரி படத்தில் ஸ்லை, சட்டத்தை மீறும் கூட்டத்தில் ஒருவன். ஆட்ரி அவனை அடித்து வீழ்த்துகிறார். துப்பாக்கியைக் காட்டிப் பாட வைக்கிறார். படம் பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். இரண்டே ஆண்டுகளில் அந்தக் காட்சிக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது.

ரிபப்ளிக்கில் அவர் நுழைந்ததைப் பற்றி அவரே பலமுறை சொன்ன கதை ஒன்று உண்டு. 1937ல் தொப்பியைச் சுத்தம் செய்யக் கடைக்குப் போயிருந்தபோது, ரிபப்ளிக்கில் பாடும் கௌபாய்க்கு ஆள் தேடுகிறார்கள் என்று ஒரு நடிகர் பேசுவதைக் கேட்டார். மறுநாள் ஸ்டுடியோ வாசலில் காவலாளி விடவில்லை. மதிய உணவு முடிந்து தொழிலாளிகள் கூட்டமாக உள்ளே திரும்பும்போது அவர்களோடு ஒருவராக நுழைந்துவிட்டார். தயாரிப்பாளர் சால் சீகல் இவரை ஏற்கெனவே அறிந்தவர். பாடச் சொல்லிக் கேட்டார். அக்டோபர் 13ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. குழுவின் மற்றவர்கள் கொலம்பியா கம்பெனி ஒப்பந்தத்தில் இருந்ததால் அவர்களைப் பிரிந்து தனியாகத்தான் வரமுடிந்தது.

முதலில் டிக் வெஸ்டன் என்ற பெயரில் சின்ன வேடங்கள் கொடுத்தார்கள். ஆட்ரி வெளிநடப்புச் செய்வதற்குச் சற்று முன் வந்த ‘த ஓல்ட் பார்ன் டான்ஸ்’ படத்தில்கூட ஆட்ரிக்குப் பின்னால் எங்கோ நின்றிருப்பார். நாற்காலி காலியானதும் பெயர் மறுபடி மாறியது. 1935ல் விமான விபத்தில் இறந்துபோன, நாடே நேசித்த நகைச்சுவையாளர் வில் ராஜர்ஸின் குடும்பப் பெயரை எடுத்து, முன்னால் ‘ராய்’ சேர்த்தார்கள். ராய் ராஜர்ஸ் பிறந்தார். ஆட்ரியின் படங்களில் கோமாளியாக வந்த ஸ்மைலி பர்னெட்டையே இதிலும் போட்டார்கள். ஆட்ரியின் படங்களை இயக்கிய ஜோசப் கேன்தான் இதற்கும் இயக்குனர். கதையும் ஆட்ரிக்காக எழுதியது. ஆள் மட்டும் வேறு.

வாடகைக் குதிரை லாயத்தில் நின்றவற்றில் ராஜர்ஸ் தேர்ந்தெடுத்தது பொன்னிறக் குதிரை ஒன்று. அதே 1938ல் வந்த ‘ராபின் ஹூட்’ படத்தில் கதாநாயகி ஒலிவியா டி ஹாவிலண்ட் ஏறி வருவதும் இந்தக் குதிரைதான். ட்ரிக்கர் என்று பெயர் சூட்டப்பட்ட அந்தக் குதிரைக்கு அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கிடைத்த புகழ் பல நடிகர்களுக்குக்கூடக் கிடைக்கவில்லை.

படத்தின் கதைக்கு வருவோம். மழை பொய்த்த ஊர். மாடுகள் செத்து விழுகின்றன. அணையில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் அணை ஒரு தண்ணீர் கம்பெனியின் கையில். காசு கொடுத்தால்தான் மதகு திறக்கும். ராயும் கூட்டாளிகளும் அணைக்குப் போய் வலுக்கட்டாயமாகத் தண்ணீரைத் திறந்துவிடப் பார்த்துச் சிக்கிக்கொள்கிறார்கள். இது கோர்ட்டில் தீராது, சட்டம் செய்யும் இடத்தில்தான் தீரும் என்று ராயைக் காங்கிரஸ் தேர்தலில் நிறுத்துகிறார்கள். பாட்டுப் பாடியே பிரச்சாரம் செய்து ஜெயிக்கிறார். கம்பெனிக்காரரின் மகளே (கரோல் ஹியூஸ்) அவருக்கு உதவுகிறாள். வாஷிங்டனில் யாரும் இந்தப் பட்டிக்காட்டானைக் கண்டுகொள்வதில்லை. ஒரு விருந்தில் பெரிய மனிதர்களை உட்கார வைத்து, புழுதி மூடிய வயல்களின் படத்தைத் திரையில் ஓட்டிக்கொண்டே ராய் பாடுகிறார். பிறகு ஒரு குழு நேரில் பார்க்க வருகிறது, புழுதிப் புயலில் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குத் தவிக்கிறது, மசோதா நிறைவேறுகிறது.

அசட்டுத்தனமான கதை என்று தள்ளிவிடலாம். பாட்டுப் பாடி அணையைத் திறக்க முடியுமா என்ன? ஆனால் வெளிவந்த ஆண்டைப் பார்க்கவேண்டும். ஒரு வெகுளி இளைஞன் வாஷிங்டனுக்குப் போய்ப் பெரிய இடத்து ஊழலோடு மோதும் ‘மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்’ படம் 1939ல்தான் வந்தது. புழுதியிலிருந்து ஓடிவந்த விவசாயிகளின் கதையான ‘கிரேப்ஸ் ஆஃப் ராத்’ படமாக வந்தது 1940ல். இரண்டும் இன்று பாடப் புத்தகங்களில் இருக்கின்றன. அவற்றுக்கு முன்பே சனிக்கிழமைப் பகல் காட்சிக்கு வரும் சிறுவர்களுக்காக எடுத்த ஒரு ‘பி’ படம் இதே இரண்டையும் தொட்டிருக்கிறது.

அந்தப் புழுதி கற்பனை அல்ல. 1930களில் டெக்சாஸ், ஓக்லஹோமா, கான்சஸ், கொலராடோ, நியூ மெக்சிகோ மாநிலங்கள் சந்திக்கும் சமவெளி முழுக்கப் புழுதிக் காடாகிவிட்டது. கோதுமைக்கு நல்ல விலை கிடைத்த காலத்தில் புல்வெளியை எல்லாம் டிராக்டரால் உழுதுவிட்டார்கள். மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்த புல்வேர் போயிற்று. பிறகு மழையும் போயிற்று. காற்று மண்ணைக் கிளப்பிக்கொண்டு போனது. 1935 ஏப்ரல் 14ஆம் தேதியைக் ‘கறுப்பு ஞாயிறு’ என்று இன்றும் சொல்கிறார்கள். பட்டப்பகலில் இருட்டிப்போன நாள் அது. அதே மாதத்தில் அமெரிக்க அரசு மண்பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். அவர்களில் பலர் போய்ச் சேர்ந்தது ராஜர்ஸ் பழம் பறித்த அதே கலிபோர்னியாத் தோட்டங்களுக்கு.

ஆகவே விருந்துக் காட்சியில் அவர் பாடிய ‘டஸ்ட்’ (புழுதி) பாட்டு வெறும் இடைச்செருகலாக நிற்கவில்லை. ஆட்ரியின் நண்பர் ஜானி மார்வின் எழுதிய பாட்டு அது. 1938க்கான ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. விருது பாப் ஹோப் படத்துப் பாட்டொன்றுக்குப் போனது. பரவாயில்லை. சில வாரங்களில் எடுத்த கௌபாய் படத்துப் பாட்டு அந்தப் பட்டியலில் இடம்பெற்றதே பெரிய விஷயம்.

இந்தப் படத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. அது திரையில் எங்கும் சொல்லப்படவில்லை. படத்தின் வெளிப்புறக் காட்சிகள் எடுக்கப்பட்ட இடம் கலிபோர்னியாவின் கிழக்கே லோன் பைன் என்ற சிற்றூர். அதன் அருகே அலபாமா குன்றுகள் என்ற உருண்டைப் பாறைக்காடு இருக்கிறது; பின்னால் பனி மூடிய சியரா மலைத்தொடர். 1920 முதல் நூற்றுக்கணக்கான கௌபாய் படங்கள் அங்கே எடுக்கப்பட்டன. ஓவன்ஸ் பள்ளத்தாக்கு என்று அந்தப் பகுதிக்குப் பெயர்.

அமெரிக்கத் தண்ணீர்ச் சண்டைகளின் வரலாற்றில் ஓவன்ஸ் பள்ளத்தாக்குக்குத் தனி அத்தியாயமே உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் வளர வளரத் தண்ணீர் போதவில்லை. 1905 வாக்கில் நகரத்தின் ஆட்கள் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் நிலங்களையும் நீர் உரிமைகளையும் வாங்கத் தொடங்கினார்கள். பலருக்கு அவர்கள் யாருக்காக வாங்குகிறார்கள் என்பதே விற்றபிறகுதான் தெரிந்தது. பொறியாளர் வில்லியம் முல்ஹாலண்ட் தலைமையில் 233 மைல் நீளக் கால்வாய் வெட்டி, 1913 நவம்பர் 5ஆம் தேதி ஓவன்ஸ் ஆற்றை நகரத்துக்குத் திருப்பினார்கள். (ராஜர்ஸின் இரண்டாவது பிறந்தநாள் அன்று!) ஆறு போய்ச் சேர்ந்துகொண்டிருந்த ஓவன்ஸ் ஏரி 1920களின் நடுவிலேயே வற்றிவிட்டது.

பள்ளத்தாக்கு விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. 1924 மே மாதம் கால்வாயில் வெடி வைத்தார்கள். நவம்பர் மாதம் சுமார் எழுபது பேர் லோன் பைனுக்குச் சற்று வடக்கே இருக்கும் அலபாமா மதகைக் கைப்பற்றி, தண்ணீரைக் கால்வாயிலிருந்து பழைய ஆற்றுக்கே திருப்பிவிட்டார்கள். நான்கு நாட்கள் மதகு அவர்கள் கையில் இருந்தது. பெண்களும் குழந்தைகளும் சாப்பாட்டோடு வந்து சேர, போராட்டக் களம் திருவிழாப் போல் ஆகிவிட்டது. அப்போது பக்கத்தில் படப்பிடிப்பில் இருந்த மௌனப் படக் கௌபாய் நட்சத்திரம் டாம் மிக்ஸ் தன் வாத்தியக் குழுவை அங்கே அனுப்பி வாசிக்கச் செய்தார். சினிமா கௌபாயின் வாத்தியக் குழு, உண்மையான மதகை உடைக்கப் போனவர்களுக்காக வாசித்தது!

போராட்டம் தோற்றது. 1927ல் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய வாட்டர்சன் சகோதரர்களின் வங்கி மூழ்கியது. கணக்கு மோசடிக்காக அவர்கள் சிறைக்குப் போனார்கள். ஊர்மக்களின் சேமிப்பும் அதோடு போயிற்று. பதினொரு ஆண்டுகளுக்குள், அதே பாறைகளின் நடுவே, கௌபாய்கள் சிலர் தண்ணீர் கம்பெனியின் மதகைத் திறக்கப் போவதாக ஒரு படம் எடுக்கிறார்கள். கதை நடக்கும் இடம் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு என்று படம் சொல்லவில்லை. ரிபப்ளிக் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது பாறைகளுக்காகவும், ஸ்டுடியோவிலிருந்து லாரியில் ஒரே நாளில் போய்விடலாம் என்பதற்காகவும்தான். ஆனால் லோன் பைன்காரர்கள் அந்தப் படத்தைப் பார்த்தபோது அவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

1938 ஏப்ரலில் டெக்சாஸின் டல்லாஸ் நகரில் முதல் காட்சி நடந்தது. புழுதியை மூக்கில் சுவாசித்த மாநிலம் அது. படம் வெற்றி. ராஜர்ஸ் ஒரே இரவில் நட்சத்திரம். ஆட்ரியும் சில மாதங்களில் சமாதானமாகி, கூடுதல் சம்பளத்தோடு திரும்பி வந்தார். ஜூலையில் அவருடைய ‘கோல்ட் மைன் இன் த ஸ்கை’ வெளியானது. மொத்தமாகப் படம் விற்கும் வழக்கம் மட்டும் அப்படியே தொடர்ந்தது. உண்மையில் ஜெயித்தவர் யேட்ஸ். முன்பு ஒரு பாடும் கௌபாய், இப்போது இருவர். ஒருவர் முரண்டு பிடித்தால் மற்றவர் இருக்கிறார்.

நட்சத்திரமான பிறகும் ராஜர்ஸின் சம்பளம் பெரிதாக ஏறவில்லை. ரசிகர் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. பதில் போடத் தபால்தலைச் செலவையாவது கொடுங்கள் என்று கேட்டதற்குக் கம்பெனி மறுத்துவிட்டது. கச்சேரி செய்து சம்பாதித்த பணத்தில் பதில் போட்டார். 1940ல் புது ஒப்பந்தம் பேசும்போது சம்பள உயர்வை விட்டுக்கொடுத்து, தன் பெயர், படம், குரல் ஆகியவற்றை வணிகப் பொருட்களுக்குப் பயன்படுத்தும் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டார். அப்போது அது ஏமாளித்தனமாகத் தெரிந்திருக்கும். சாப்பாட்டு டப்பா, பொம்மைத் துப்பாக்கி, சட்டை என்று நூற்றுக்கணக்கான பொருட்களில் அவர் முகம் வந்தபோதுதான் அந்தக் கையெழுத்தின் மதிப்பு தெரிந்தது.

1942ல் ஆட்ரி ராணுவ விமானப் படையில் சேர்ந்தார். யேட்ஸ் மறுபடியும் அதே சீட்டை இறக்கினார். ‘கௌபாய்களின் ராஜா’ என்ற பட்டத்தோடு ராஜர்ஸ் விளம்பரப்படுத்தப்பட்டார். 1943 முதல் கணிப்பில் முதலிடமும் அவருக்கே. போர்ச் சேவையில் போன காலத்தையும் ஒப்பந்தக் கணக்கில் கூட்டி ஆட்ரியைத் தொடர்ந்து கட்டிவைக்கக் கம்பெனி பார்த்தது. அவர் வழக்குப் போட்டார். 1947ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் ஆட்ரி பக்கம் தீர்ப்பளித்தது. அவர் கொலம்பியாவுக்குப் போய்விட்டார்.

பிறகு தொலைக்காட்சி வந்தது. ரிபப்ளிக்கின் கிடங்கில் கிடந்த பழைய கௌபாய் படங்களுக்குத் திடீரென்று விலை வந்தது. ஒரு மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரத்துக்கு இடம் விட்டு, படங்களைச் சுமார் 53 நிமிடமாக வெட்டி விற்கக் கம்பெனி கிளம்பியது. சோப்புக்கும் சிகரெட்டுக்கும் நடுவே தன் முகம் வந்தால் தான் அந்தச் சரக்கைச் சிபாரிசு செய்வதாகத்தானே ஆகும் என்று 1951ல் ராஜர்ஸ் நீதிமன்றம் போனார். 1940ல் எழுதி வாங்கிய அதே உரிமைதான் ஆயுதம். கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார். ஆட்ரியும் தனியாக இதே போன்ற வழக்குப் போட்டார். 1954ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இருவருமே தோற்றார்கள். படம் கம்பெனியின் சொத்து, வெட்டலாம், விற்கலாம் என்று தீர்ப்பு. பதினாறு ஆண்டுகளுக்கு முன் ஒருவருக்கு எதிராக மற்றவர் நிறுத்தப்பட்டவர்கள், கடைசியில் ஒரே முதலாளிக்கு எதிராக ஒரே நீதிமன்றத்தில் போய் நின்றார்கள். பத்திரிகைகள் அப்போதும் அவர்களைப் போட்டியாளர்கள் என்றே எழுதிக்கொண்டிருந்தன.

வெட்டும்போது முதலில் போனது பெரும்பாலும் பாட்டுகள்தான். குதிரைத் துரத்தலை யாரும் வெட்டவில்லை. தொலைக்காட்சியில் மட்டுமே இந்தப் படங்களைப் பார்த்த தலைமுறைக்கு, பாடகர்களுக்காகவே எடுக்கப்பட்டவை இவை என்பது முழுதாகத் தெரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். ரிபப்ளிக் 1950களின் இறுதியில் படம் எடுப்பதையே நிறுத்திவிட்டது.

ராஜர்ஸ் 1998 ஜூலை 6ஆம் தேதி இறந்தார். மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை, அக்டோபர் 2ஆம் தேதி ஆட்ரியும் இறந்தார். நாஷ்வில்லின் கன்ட்ரி இசைக் கௌரவப் பட்டியலில் ஆட்ரி 1969ல் சேர்ந்தவர். ராஜர்ஸ் இரண்டு முறை சேர்க்கப்பட்டார்: 1980ல் குழுவோடு, 1988ல் தனியாக.

‘அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்’ 2009 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பட்டியலில், பாதுகாக்கப்பட வேண்டிய படமாகச் சேர்க்கப்பட்டது. அதே மாதம்தான் ராஜர்ஸின் குடும்பம் நடத்திவந்த அருங்காட்சியகம் கூட்டமில்லாமல் மூடப்பட்டது. பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த ட்ரிக்கர் 2010ல் ஏலத்தில் 2,66,500 டாலருக்குப் போனது. வாரம் 75 டாலர் என்று கணக்குப் போட்டால், கதாநாயகனுக்கு அது அறுபத்தெட்டு ஆண்டுச் சம்பளம்.

லோன் பைனில் 2006ல் கௌபாய் படங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்கிருந்து நெடுஞ்சாலையில் தெற்கே சில கிலோமீட்டர் போனால் ஓவன்ஸ் ஏரியின் காய்ந்த படுகை தொடங்கிவிடும். பல ஆண்டுகள் அமெரிக்காவிலேயே மிக அதிகமாகப் புழுதி கிளப்பும் தனி இடமாக அது இருந்தது. புழுதியை அடக்குவதற்காக 2001 முதல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் அந்தப் படுகையின்மேல் தண்ணீர் பரப்பத் தொடங்கியது. இதுவரை அதற்கு ஆன செலவு நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது.